விமானம் எப்படிப் பறக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. விமானம் பற்றிய பாடம் வந்தால் மணி அடித்த பிறகும் வகுப்பு கலையாது. அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கணக்கு ஆங்காங்கே கொஞ்சம் வரும், பயப்படும்படி இருக்காது.

எண்பது டன் இரும்பு எப்படிக் காற்றில் நிற்கிறது?

முதலில் ஒரு திருத்தம். அது இரும்பு இல்லை. பெரும்பாலும் அலுமினியக் கலவை, புதிய விமானங்களில் கார்பன் இழையும் நிறைய. மற்றபடி கேள்வி நியாயமானது. காற்று என்றால் ஒன்றுமில்லாதது என்று நினைப்பதால்தான் இது அதிசயமாகத் தெரிகிறது.

கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் காற்று சுமார் 10 டன் எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கிறது. நீட்டிய உள்ளங்கையையும் அப்படித்தான் அழுத்துகிறது. மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே அளவு அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. இப்போது ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அதிகபட்சம் 78 டன் இருக்கும். இறக்கைகளின் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 640 கிலோ. பத்து டன்னில் இது ஆறு சதவீதம் சொச்சம். இறக்கைக்கு மேலே இருக்கும் அழுத்தம் கீழே இருப்பதைவிட சராசரியாக அவ்வளவு குறைந்தால் போதும், விமானம் எழுந்துவிடும். இந்த மேல்நோக்கிய விசையைத் தூக்குவிசை என்கிறோம்.

மேல்பக்கம் வளைவாக இருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர அது வேகமாக ஓடுகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது. இப்படித்தானே படித்தோம்?

இப்படித்தான் படித்தோம். நானும் ஆறேழு வருடம் கரும்பலகையில் இதே படத்தை வரைந்தவன்தான். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், கீழே போன காற்று எப்போ வந்து சேரும்னு மேலே போன காற்றுக்கு எப்படித் தெரியும்?" என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அந்த இரண்டும் பின்விளிம்பில் சந்தித்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

உண்மையில் சந்திப்பதும் இல்லை. காற்றுச்சுரங்கத்தில் புகையை விட்டு விட்டுச் செலுத்தி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்கர் பாபின்ஸ்கி இதைப் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார். மேலே போன புகை முன்னதாகவே பின்விளிம்பைத் தாண்டிவிடுகிறது. கீழே போன புகை பின்தங்கிவிடுகிறது.

கணக்கும் உதைக்கிறது. இறக்கையின் மேல்பக்கப் பாதை கீழ்ப்பக்கத்தைவிட 2 சதவீதம் நீளம் என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஓடுபாதையை விட்டு எழும் வேகம் வினாடிக்கு 70 மீட்டர். "ஒரே நேரத்தில் சேரும்" என்ற விதிப்படி மேலே காற்றின் வேகம் 71.4 மீட்டர். காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டில் போட்டால் சதுர மீட்டருக்கு 12 கிலோ தேறும். நமக்கு வேண்டியது 640!

இது போக, வளைவே இல்லாத காகித விமானமும் பறக்கிறது. சாகச விமானங்கள் பலவற்றில் இறக்கை மேலும் கீழும் ஒரே வடிவம், அவை தலைகீழாகவும் பறக்கின்றன. மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்ற பகுதி சரிதான். அதற்குச் சொன்ன காரணம்தான் கட்டுக்கதை.

அப்படியானால் சரியான காரணம் என்ன? பெர்னூலியா, நியூட்டனா?

ஒரு காகிதப் பட்டையைக் கிழித்துக்கொள்ளுங்கள். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம் போதும். ஒரு முனையைக் கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே பிடித்தால் மறுமுனை வளைந்து தொங்கும். அந்த வளைவின் மேல் ஊதுங்கள். தொங்கிய முனை எழுந்துவிடும். ஊதிய காற்று வேகமானது, அதனால் அழுத்தம் குறைந்தது என்று உடனே சொல்லத் தோன்றும். இப்போது பட்டையை மேல்முனையில் பிடித்து நேராகத் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஊதுங்கள். அதே வேகம்தான். ஆனால் பட்டை அந்தப் பக்கம் இழுபடவே இல்லை. முதல் தடவை இருந்து இரண்டாம் தடவை இல்லாமல் போனது வளைவு.

காற்று வளைந்து ஓடவேண்டுமென்றால் ஏதோ ஒன்று அதை உள்பக்கமாகத் தள்ளவேண்டும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லைக் கயிறு உள்ளே இழுப்பது போல. காற்றுக்குக் கயிறு கிடையாது, அழுத்த வேறுபாடுதான் அந்த வேலையைச் செய்கிறது: வளைவுக்கு வெளிப்பக்கம் அழுத்தம் அதிகம், உள்பக்கம் குறைவு. இறக்கையின் மேல்பரப்பை ஒட்டிக்கொண்டு காற்று கீழ்நோக்கி வளைகிறது. வெகு மேலே இருப்பது சாதாரண வளிமண்டல அழுத்தம். அங்கிருந்து இறக்கையை நோக்கி வர வர அழுத்தம் குறைந்துகொண்டே வரும். அந்தக் குறைந்த அழுத்தத்துக்குள் நுழையும் காற்று வேகம் பிடிக்கிறது. இங்கே பெர்னூலி வருகிறார். 1738-இல் அவர் வெளியிட்ட கருத்தில் எந்தக் குறையும் இல்லை, அதை நாம் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் கோளாறு.

இதையே சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். இறக்கைக்கு முன்னால் கிடைமட்டமாக வந்த காற்று, பின்னால் கீழ்நோக்கிப் போகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ளியிருக்கிறது, காற்று இறக்கையை மேலே தள்ளியிருக்கிறது. இது நியூட்டன். இரண்டும் போட்டி விளக்கங்கள் இல்லை. ஒரே வரவுசெலவை இரண்டு பேரேடுகளில் எழுதியிருக்கிறது, கடைசித் தொகை ஒன்றுதான்.

தாக்குகோணம் என்ற சொல் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்திருப்பீர்கள் (பார்த்திருக்கக் கூடாது, ஆனாலும்). உள்ளங்கையைத் தரைக்கு இணையாக வைத்தால் கை சும்மா மிதக்கும். கட்டைவிரல் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் கை விருட்டென்று மேலே போகும். காற்று வரும் திசைக்கும் கைக்கும் இடையிலான அந்தச் சாய்வுதான் தாக்குகோணம்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தாக்குகோணம் என்பது தரையோடு ஒப்பிடும் கோணம் இல்லை, எதிரே வரும் காற்றோடு ஒப்பிடுவது. மூக்கு மேலே தூக்கியிருக்க, விமானம் கீழே இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது காற்று கீழிருந்து வருவதால் தாக்குகோணம் மிகப் பெரிதாக இருக்கும். தலைகீழாகப் பறப்பதன் ரகசியமும் இதுதான். விமானி மூக்கை வானத்தை நோக்கித் தள்ளிப் பிடித்து, வேண்டிய தாக்குகோணத்தை உண்டாக்கிக்கொள்கிறார்.

ஸ்டால் என்றால் என்ஜின் நின்றுபோவதா?

காரில் அப்படித்தான். விமானத்தில் ஸ்டாலுக்கும் என்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை.

தாக்குகோணத்தைக் கூட்டக் கூட்டத் தூக்குவிசை கூடும். ஏறத்தாழ 15 பாகை வரைதான் இந்தச் சலுகை. அதற்கு மேல் போனால் மேல்பரப்பை ஒட்டி ஓடிய காற்றால் அந்த வளைவைப் பின்பற்ற முடியாது, பிய்த்துக்கொண்டு சுழலாகிவிடும். தூக்குவிசை சரியும், இழுவை (விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் தடை) எகிறும். இதுதான் ஸ்டால்.

மருந்து எளிது: மூக்கைக் கீழே இறக்கித் தாக்குகோணத்தைக் குறைக்கவேண்டும். ஆனால் விழுந்துகொண்டிருக்கும் விமானத்தின் மூக்கை இன்னும் கீழே தள்ளுவதற்கு மனசு வரவேண்டுமே. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்துக்கொண்டன. விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி விலகிக்கொண்டது. கைக்கு வந்த விமானத்தின் மூக்கு உயர்த்தப்பட்டது, 38,000 அடி உயரத்தில் ஸ்டால் ஆனது. என்ஜின்கள் கடைசி வரை ஓடிக்கொண்டுதான் இருந்தன. மூக்கு மேலே பார்த்தபடியே, தாக்குகோணம் 35 பாகைக்கும் மேல் போய், மூன்றரை நிமிடம் போல விழுந்து அட்லாண்டிக்கில் மோதியது. 228 பேர் இறந்தார்கள்.

இறக்கை மேல் படியும் பனியும் இதே வேலையைச் செய்யும். உப்புத்தாள் அளவு சொரசொரப்பு இருந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையக்கூடும், ஸ்டாலும் சீக்கிரமே வந்துவிடும். கிளம்புவதற்கு முன் இறக்கையில் திரவத்தைப் பீய்ச்சிக் கழுவுவது அதற்காகத்தான்.

என்ஜின் எல்லாம் நின்றுவிட்டால் கல் மாதிரி விழுமா?

விழாது, வழுக்கிக்கொண்டு இறங்கும். பயணிகள் விமானம் ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் 15 முதல் 18 கிலோமீட்டர் முன்னே போய்விடும். பத்துக் கிலோமீட்டர் உயரத்திலிருந்து 150 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். சரிவில் சைக்கிள் மிதிக்காமல் இறங்குவது போலத்தான், விமானத்தின் எடையே அதை முன்னே இழுத்துக்கொண்டு போகிறது.

2001 ஆகஸ்ட் 24 அன்று ஏர் டிரான்சாட் 236 விமானத்தில் எரிபொருள் ஒழுகி, அட்லாண்டிக் நடுவே இரண்டு என்ஜின்களும் நின்றுபோயின. 306 பேரோடு சுமார் 19 நிமிடம் வழுக்கி, அசோர்ஸ் தீவுகளில் ஓடுபாதையைப் பிடித்தது. எல்லோரும் பிழைத்தார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த கதை 1983 ஜூலை 23-இல் கனடாவில் நடந்தது. எரிபொருள் நிரப்பும்போது கிலோவுக்குப் பதில் பவுண்டில் கணக்குப் போட்டுவிட்டார்கள். போயிங் 767 விமானம் 41,000 அடியில் வறண்டுபோய், கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. தளத்தில் அன்று கார்ப் பந்தயம்! இதிலும் உயிர்ச்சேதம் இல்லை. அலகு எழுதாத விடைக்கு நான் ஏன் மதிப்பெண் குறைக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அப்போது என்ஜின் எதற்கு?

இழுவையை ஈடுகட்டத்தான், எடையைத் தூக்க இல்லை. ஒன்றுக்குப் பதினேழு என்ற விகிதத்தில் வழுக்கும் விமானம் 68 டன் இருந்தால், சீராகப் பறக்க அதற்கு வேண்டிய உந்துவிசை வெறும் 4 டன்தான். ராக்கெட்டுக்கு இறக்கை கிடையாது, முழு எடையையும் அதுவே தூக்கியாக வேண்டும். இறக்கையின் லாபம் இந்த வித்தியாசத்தில் தெரியும்.

ஏன் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கவேண்டும்? கீழேயே போனால் என்ன?

கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோ. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் 0.36 கிலோதான். தூக்குவிசை அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. காற்று மெலிந்தால், அதே கோணத்தில் அதே எடையைத் தாங்க சுமார் 1.8 மடங்கு வேகமாகப் போகவேண்டும். சிரமம் போலத் தெரியும், உண்மையில் அதுதான் ஆதாயம். தாக்குகோணம் அதேதான் என்பதால் இழுவையும் ஏறக்குறைய அதேதான். அதே உந்துவிசையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம் கிடைக்கிறது.

இன்னும் மேலே போகலாமே என்றால், ஒலி குறுக்கே நிற்கிறது. அந்த உயரத்தில் குளிர் மைனஸ் 56 பாகை, ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். விமானம் அதை நெருங்கினால், இறக்கை மேல் வேகமெடுக்கும் காற்று ஒலியையும் தாண்டி அதிர்வலைகளை உண்டாக்கும், இழுவை சட்டென்று ஏறும். பயணிகள் விமானங்கள் ஒலிவேகத்தில் 78 முதல் 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதும், இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் இதனால்தான்.

இறங்கும்போது இறக்கையிலிருந்து தகடுகள் நீள்கின்றனவே?

இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இதைவிட நல்ல பாடம் கிடையாது. இறங்க இருபது நிமிடம் இருக்கும்போது மோட்டார் முனகும் சத்தத்தோடு பின்விளிம்பு பின்னோக்கி நகர்ந்து, பிறகு கீழே மடியும். அது ஃபிளாப். முன்விளிம்பிலும் ஒரு பட்டை முன்னே நகர்ந்து இடைவெளி விடும், அது ஸ்லாட். வேகத்தைப் பாதியாக்கினால் தூக்குவிசை கால்பங்காகிவிடும் அல்லவா? அந்த நஷ்டத்தை ஈடுகட்ட இறக்கையைப் பெரிதாக்கி, வளைவையும் கூட்டுகிறார்கள். ஸ்லாட்டின் இடைவெளி வழியாகப் பாயும் காற்று, மேல்பரப்பில் ஓட்டம் பிய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது.

ஈரப்பதம் மிகுந்த நாளில் அந்த நேரத்தில் இறக்கையின் மேல் வெண்புகை போல ஒன்று தோன்றி மறையும். அழுத்தம் குறைந்து காற்று குளிர்வதால் நீராவி மேகமாகிறது. தூக்குவிசையைக் கண்ணால் பார்க்க அதுதான் வாய்ப்பு.

சக்கரம் தரையைத் தொட்டதும் மேல்பரப்பில் பலகைகள் நிமிர்ந்து நிற்கும். அவை ஸ்பாய்லர்கள். தூக்குவிசையைக் கெடுத்து, முழு எடையையும் சக்கரத்தின் மேல் இறக்குவது அவற்றின் வேலை. அப்போதுதான் பிரேக் பிடிக்கும்.

எதிர்காற்றில்தான் ஏறி இறங்கவேண்டுமா?

முடிந்தவரை ஆமாம். இறக்கைக்குத் தெரிவது காற்றின் வேகம் மட்டும், தரையின் வேகம் தெரியாது. எழ 250 கிலோமீட்டர் வேகம் வேண்டும், எதிர்காற்று 40 என்றால், தரையில் 210 ஓடினால் போதும். வெயில் இதற்கு நேர்மாறு. 40 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 15 பாகையில் இருப்பதைவிட 8 சதவீதம் குறைவு, ஓடுபாதை நீளமாக வேண்டியிருக்கும்.

விமானம் எப்படித் திரும்புகிறது? வாலில் இருக்கும் சுக்கானாலா?

படகு மாதிரி என்று பலரும் நினைத்தார்கள், தடுமாறினார்கள். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். திரும்ப வேண்டுமானால் சாய வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிய விஷயம். 1899-இல் டியூப் வைத்திருந்த நீளமான அட்டைப்பெட்டியை வில்பர் கையில் முறுக்கிக்கொண்டிருந்தபோது, இறக்கையையும் இப்படி முறுக்கலாமே என்று தோன்றியது. 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் முதல் தடவை பறந்தது 12 வினாடி, 36 மீட்டர் சொச்சம். ஆனால் விமானத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள், சாதனை அதுதான்.

இன்று முறுக்குவதற்குப் பதில் இறக்கை நுனிப்பக்கம் எய்லரான் என்ற மடிப்பு இருக்கிறது. ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே மடங்கும். விமானம் சாயும்போது தூக்குவிசையும் சாய்கிறது, அதன் ஒரு பங்கு விமானத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புகிறது. சுக்கான் கூடமாட ஒத்தாசை செய்யும், அவ்வளவே. 30 பாகை சாய்ந்தால் தூக்குவிசை 15 சதவீதம் கூடுதலாக வேண்டும், 60 பாகைக்கு இரட்டிப்பு. சரியாகத் திருப்பினால் உங்கள் முன்னால் இருக்கும் தம்ளர் தண்ணீர் ஒரு பக்கமும் சாயாது. ஜன்னலைப் பார்க்காவிட்டால் திரும்பியதே தெரியாது.

இறக்கை நுனி மேல்நோக்கி மடிந்திருப்பது அழகுக்கா?

இல்லை. கீழே அதிக அழுத்தத்தில் இருக்கும் காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். அதனால் பின்னால் ஒரு பெரிய சுழல் உருவாகும், அதற்குப் போகும் சக்தி எரிபொருளிலிருந்துதான் வரவேண்டும். விங்லெட் அந்தச் சுழலைத் தணிக்கிறது. நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப் 1970-களில் இதற்கு உருக்கொடுத்தார். பெரிய விமானம் கிளம்பியதும் சிறிய விமானத்தைச் சில நிமிடம் காக்க வைப்பதும் இதே சுழலுக்குப் பயந்துதான்.

குலுங்கும்போது இறக்கை உடைந்துவிடாதா?

உடையாது. போயிங் 777-இன் இறக்கையை 1995-இல் வேண்டுமென்றே வளைத்துச் சோதித்தார்கள். பறக்கையில் எதிர்பார்க்கும் உச்சபட்சச் சுமையைப் போல 154 சதவீதம் ஏற்றிய பிறகுதான் முறிந்தது. இறக்கை ஆடுவதைப் பார்த்துக் கலங்கவேண்டாம், ஆடுவதற்காகவே செய்தது. 'ஏர் பாக்கெட்' என்று காற்றே இல்லாத பள்ளம் எதுவும் வானத்தில் கிடையாது. மேலும் கீழுமாகப் போகும் காற்றோட்டங்களைக் கடக்கிறீர்கள், அவ்வளவுதான். பெல்ட் போடாதவர்களுக்குத்தான் அடிபடும்.

விமானம் ஏன் பறக்கிறது என்று விஞ்ஞானிகளுக்கே தெரியாதாமே?

தலைப்புக்காகச் சொல்வது. காற்றின் ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. தூக்குவிசைக்கான கணக்கை ஜெர்மனியில் குட்டாவும் ரஷ்யாவில் ஜுகோவ்ஸ்கியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1904-இல் ஜெர்மன் விஞ்ஞானி பிராண்டில், பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று காட்டினார். கஷ்டம் இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் சொல்வதில்தான். ஒரு வாக்கியத்துக்கு ஆசைப்பட்டுத்தான் அந்த "ஒரே நேரத்தில் சேரும்" கதை பிறந்தது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது?

காகித விமானம் செய்யுங்கள், ஆனால் தூக்கிப் போட்டுவிட்டு ஓடாமல் கவனியுங்கள். மூக்கைத் தூக்கி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, குப்புற விழுந்தால் அதுதான் ஸ்டால். மூக்கில் ஒரு பேப்பர் கிளிப் மாட்டி எடையை முன்னே கொண்டுவாருங்கள். இப்போது நேரே தரையில் குத்தினால், பின்விளிம்பு இரண்டையும் நகத்தால் இரண்டு மில்லிமீட்டர் மேலே மடக்குங்கள். பெரிய விமானத்தின் வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற மடிப்பு செய்வதும் இதுதான். எப்போதும் இடப்பக்கமே சாய்ந்து போகிறதா? இடது இறக்கையின் பின்விளிம்பை மட்டும் ஒரு மயிரிழை கீழே மடக்கிவிட்டு, மறுபடி விடுங்கள்.